அப்பா பாஸ் ஆன பரீட்சை

ஏப்ரல் 28, திங்கள்

இந்த டைரி ஜெபராணி அக்கா கொடுத்தது. ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு இலவசமாகத் தந்ததாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வாயுத் தொல்லையா? கவலை வேண்டாம்!" என்று அச்சடித்திருக்கிறது. அதைப் படித்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்ச் ஒன்பதாம் தேதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "வாயுதாண்டி. ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பியவர் அவர்தான். நான் சோடாவுடன் திரும்பியபோது கண்டக்டர் கந்தையா மாமா அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது வாயு அல்ல, மாரடைப்பு. அழுதுகொண்டே அந்தச் சோடாவை நானே குடித்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறிய கம்பிவலைக் குழாயை வைத்து அப்பாவைப் பிழைக்க வைத்தார்கள். இப்போது திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பாளையங்கோட்டைக்கு இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போகிறோம். இதயத்தை மெல்ல மெல்ல உழைக்கப் பழக்குவதுதான் பயிற்சி. ஜெபராணி அக்கா அங்கே பிசியோதெரபிஸ்ட். அம்மா வீட்டில் பீடி சுற்றுவதால், லீவில் இருக்கும் நான் அப்பாவின் துணை. மாத்திரைப் பெட்டியும் என் பொறுப்பு.

அம்மா ஒரு நாளைக்கு எழுநூறு பீடி சுற்றுகிறாள். அப்பா ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. அந்தப் பீடி முறத்தை அப்பா பார்க்கும் பார்வையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பெரிய செய்தி. டாக்டர் மீரான் அப்பாவுக்கு மே 16 அன்று டி.எம்.டி. என்னும் டிரெட்மில் டெஸ்ட் வைக்கப் போகிறார். ஓடும் பட்டையின் மேல் நடக்க வேண்டும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்பா பதினாறு வருஷமாக ஜெயசக்தி டவுன் பஸ் ஓட்டுகிறார். அந்த வண்டி எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். "டெஸ்டுல நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் கொண்டாரும் வே. ஜூன் ரெண்டாம் தேதி சாவியை வாங்கிக்கிடும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜூன் 2 எங்கள் பள்ளிக்கூடம் திறக்கும் நாளும்கூட.

"டெஸ்ட்" என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை அப்பா மூன்று முறை எழுதினார். 31, 29, 34. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

மே 1, வியாழன்

அப்பாவுக்குக் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவியாக வந்த அனுபவம் வீணாகக் கூடாது. பாடத்திட்டம், பயிற்சி, மாதிரித் தேர்வு என்று மூன்று நிறங்களில் பிரித்திருக்கிறேன்.

"ஏட்டி, நடக்கதுக்கு எதுக்குட்டி டைம்டேபிள்?" என்றார் அப்பா.

"யப்பா, தயாரிப்பு இல்லாமப் போனா பதட்டம் வரும்."

"எனக்கு உன்னப் பாத்தாத்தான் பதட்டம் வருது."

ஆனாலும் அட்டவணையை இரண்டு முறை படித்தார்.

மே 5, திங்கள்

பாடத்திட்டம் கிடைத்துவிட்டது. ஜெபராணி அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகம் கூடும், மேடும் கூடும். முதல் மூன்று நிமிடம் மெதுவான நடை. ஆறு நிமிடம் வரை வேக நடை. ஒன்பது வரை கிட்டத்தட்ட ஓட்டம். அதற்கு மேலும் உண்டு.

"இவ்வளவும் எதுக்கு எழுதுத? நீயா நடக்கப் போற?" என்று அக்கா கேட்டார்.

பொது அறிவுக்காக என்றேன்.

மேட்டு நடைக்கு மாதிரித் தேர்வு நடத்த ஜங்ஷன் மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அடியிலிருந்து உச்சி வரை பதினான்கு விளக்குக் கம்பங்கள். கடிகாரம் என் கையில்.

மே 6, செவ்வாய்

மாதிரித் தேர்வு 1. ஏழாவது கம்பத்தில் அப்பா நின்றார். காரணம்: ரயில் பார்க்க.

மே 7, புதன்

மாதிரித் தேர்வு 2. ஏழாவது கம்பம். காரணம்: செருப்பு வாரைச் சரிசெய்ய. (ஹவாய் செருப்பு.)

மே 8, வியாழன்

மாதிரித் தேர்வு 3. ஏழாவது கம்பம். காரணம்: ரயில். ரயில் வரவில்லை. "வரும்டி, லேட்டாயிருக்கும்" என்றார். இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, பிறகு வராத ரயிலை மறந்து நன்றாகவே நடந்தார்.

அப்பாவுக்கு ரயில் மேல் இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. வாழ்நாள் முழுக்க பஸ்ஸிலேயே இருந்தவர் அல்லவா, ஏக்கம் இருக்கலாம்.

அம்மா கிராம்பு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள். அப்பாவுக்குப் பல்வலியாம்.

மே 11, ஞாயிறு

கந்தையா மாமா வந்தார். அவருடைய மச்சான் போன வருஷம் இதே டெஸ்ட் எடுத்தவராம். எனவே அவரிடம் பழைய வினாத்தாள் இருப்பதுபோல் நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"வே முத்துமாலை, கேளும். அவன் நடுவுல நடுவுல 'நெஞ்சு வலிக்கா, மூச்சு வாங்குதா'ன்னு கேப்பான். நீரு வாயத் தொறந்து 'ஆமா'ன்னு சொல்லிட்டீரு, அவ்ளோதான். மிஷின அமத்திருவான்."

"பெறவு என்ன சொல்ல?"

"சிரிக்கணும். எங்க மச்சான் சிரிச்சான்."

"ஒங்க மச்சான் இப்ப எப்படியிருக்கான் அண்ணே?" என்று அம்மா முறத்திலிருந்து தலைநிமிராமல் கேட்டாள்.

"போன மாசம் மறுபடி பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருந்தாவ" என்று சொல்லிவிட்டு மாமா காபியைக் குடித்தார்.

நானும் ஒரு நுட்பம் கண்டுபிடித்திருக்கிறேன். பயிற்சிக் கூடத்துப் பட்டையில் அப்பா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துச் சாய்ந்து நடந்தால் மூச்சு வாங்குவதில்லை. விடைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு இடுவது போன்ற உத்தி இது. அப்பாவிடம் சொன்னேன். "நீ கெட்டிக்காரிட்டி" என்றார். அப்பா என்னை அப்படிச் சொல்வது அபூர்வம்.

மே 14, புதன்

டெஸ்டுக்கு முந்தைய நாளிலிருந்து துடிப்பைக் குறைக்கும் வெள்ளை மாத்திரையைப் போட வேண்டாம் என்று டாக்டர் மீரான் சொல்லிவிட்டார். அதைப் போட்டால் இதயம் முழு வேகத்தில் ஓடாதாம். மற்ற மாத்திரைகள் வழக்கம்போல். மாத்திரைப் பெட்டியில் வியாழன், வெள்ளி அறைகளில் இருந்த வெள்ளை மாத்திரைகளை எடுத்து அட்டைப்பெட்டியில் தனியாகப் போட்டு வைத்தேன். மொத்தம் இரண்டு.

மே 16, வெள்ளி

அப்பா பாஸ்!

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். டாக்டர் மீரான் ஒரு மாநாட்டுக்குச் சென்னை போயிருந்தார். ஜெபராணி அக்கா நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்கு லீவு. ஓர் இளம் டாக்டர்தான் டெஸ்டை நடத்தினார். அம்மா அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். நெஞ்சிலும் பூசினாள். அங்கேதான் ஒயர் ஒட்ட வேண்டும் என்று நர்ஸ் அதைத் துடைத்துவிட்டார். அம்மாவுக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கதவில் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தேன். அப்பா பஸ் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"காலையில வெள்ளை மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல சார்."

"நெஞ்சு வலி இருக்கா?"

அப்பா சிரித்தார்.

ஒன்பது நிமிடம், பத்து விநாடி. அதுவரை தொந்தரவு எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா வெளியே வந்து ரிப்போர்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் தட்டை வாங்குவதுபோல் வாங்கியிருந்தார். "ஏளா கோமதி, பாஸு" என்று அம்மாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எடுத்து வைத்தேன். அட்டைப்பெட்டியில் தனியாக இருந்த இரண்டு வெள்ளை மாத்திரைகளையும் காணோம். ஒருவேளை நான்தான் வேறெங்காவது வைத்திருப்பேன். நான் எதையும் வேறெங்காவது வைப்பதில்லை.

மே 18, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு அருகே ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். "டி.எம்.டி. தேர்வில் ஒரே முயற்சியில் தேர்ச்சி பெற்ற எங்கள் அண்ணன், சாலைகளின் சக்கரவர்த்தி முத்துமாலை அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்." கூலிங் கிளாஸ் போட்ட அப்பா. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் டி.எம்.டி. என்றால் கட்டடக் கம்பி என்று நினைத்து, அப்பாவின் பின்னால் பாதி கட்டிய வீடு ஒன்றையும் போட்டிருக்கிறார்.

அப்பா மூன்று முறை அந்த வழியாகப் போனார். மூன்று முறையும் வேறு வேறு காரணம் சொன்னார்.

மே 19, திங்கள்

ரிப்போர்ட்டை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். தினமும் காலையில் நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இன்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் கவனித்தேன். அகராதியை வைத்துப் புரிந்துகொண்டது இது: "எட்ட வேண்டிய இதயத் துடிப்பை எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தார். சந்தேகம் இருப்பின் மறுபடி செய்யவும்."

"யப்பா, இதுல என்னமோ போட்டிருக்கு."

"அது அடியில உள்ளதுடி. அதுக்கெல்லாம் மார்க் கிடையாது."

மே 21, புதன்

ஜெபராணி அக்கா இன்றுதான் வந்தார். அப்பாவைப் பட்டையில் ஏற்றி, "கையை எடுங்க அண்ணே. விரல் நுனி மட்டும் பட்டாப் போதும்" என்றார். இரண்டு நிமிடத்தில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா பேச்சை நிறுத்துவது லேசில் நடக்காது. இறங்கி, தாடையைத் தடவிக்கொண்டே, "சொத்தைப் பல்லு சிஸ்டர்" என்றார்.

அப்பா தண்ணீர் குடிக்கப் போனபோது நான் ஜெபராணி அக்காவிடம் பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, ஒரு மாணவர் இந்த டெஸ்டுல காப்பியடிச்சா என்ன ஆகும்?"

"எந்த மாணவர்?"

"பொதுவா. கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுகிட்டு, மாத்திரையும் போட்டுகிட்டு."

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "இங்கேரு, சும்மா இருக்கும்போது எல்லா இதயமும் யோக்கியமாத்தான் இருக்கும். அதை ஓட விட்டு, மூச்சு வாங்க வச்சாத்தான் எங்கயாவது அடைப்பு ஒளிஞ்சிருக்கான்னு தெரியும். அதுக்காகத்தான் அம்புட்டுப் பாடும். ஓட விடாமப் பிடிச்சு வச்சுகிட்டா அடைப்பு உள்ளயே இருக்கும். தாள்ல மட்டும் இருக்காது."

"இது பாஸ் ஆகுறதுக்கான பரீட்சை இல்லையா?"

"இல்லட்டி. இது கண்டுபிடிக்கதுக்கு."

நான் ஏப்ரல் 30 முதல் தவறான பாடத்திட்டத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மே 22, வியாழன்

இன்று பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

மே 23, வெள்ளி

மீண்டும் அட்டை போட்டேன். நேற்று போட்டது கோணலாக இருந்தது.

மே 25, ஞாயிறு

அப்பாவிடம் பேசப் போனேன். அவர் கண்ணாடிச் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசங்கழிச்சு பாஸாயிருக்கேன்டி. எங்கப்பன் இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டான்" என்றார். நான் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மே 28, புதன்

முதலாளி அப்பாவை இன்று ஒரு நடை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் கந்தையா மாமா வந்து அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார்.

"வண்ணார்பேட்டையில ஒரு வளைவு ஒடிச்சுத் திருப்புனாரு. அடுத்த சிக்னல்ல நின்னோம். பச்சை விழுந்துட்டு. பின்னால இருக்க அம்புட்டுப் பயலும் ஹாரன் அடிக்கான். இவரு அசையல! என்ன வேன்னு போய்க் கேட்டா, 'ரேடியோல நல்ல பாட்டு, அதான் கேட்டுகிட்டு இருந்தேன்'ங்காரு. ஏத்தா கோமதி, நம்ம வண்டியில ரேடியோ ரிப்பேராகி ரெண்டு வருசமாச்சு!"

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் பீடியில் நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தப் பீடியில் அவள் சுற்றிய நூல் நாலு பீடிக்குப் போதும்.

ஜெயசக்தியில் உட்கார்ந்து போக ஐம்பத்திரண்டு பேர். காலையில் நின்றுகொண்டு இன்னும் நாற்பது. பெரும்பாலும் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜூன் 2க்கு இன்னும் ஐந்து நாள். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. புளிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மே 30, வெள்ளி

முறையான கடிதமாக எழுதிவிட்டால் பதட்டமின்றி இருக்கும் என்று தோன்றியது. அப்பாவைப் பட்டையில் விட்டுவிட்டு டாக்டர் மீரானின் அறைக்குப் போய்க் கொடுத்தேன். நகல் இதோ:

அனுப்புநர்: மு. செண்பகவல்லி, பத்தாம் வகுப்பு (ஜூன் 2 முதல்), திருநெல்வேலி.

பெறுநர்: உயர்திரு டாக்டர் மீரான் அவர்கள், இதயப் பிரிவு.

பொருள்: என் தந்தையார் டிரெட்மில் தேர்வில் முறைகேடு செய்தமை – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மே 16 அன்று நடந்த தேர்வில் என் தந்தையார் திரு. முத்துமாலை அவர்கள் விலக்கப்பட்ட மாத்திரைகளை உட்கொண்டும், கைப்பிடியில் சாய்ந்தும், வலி பற்றிய கேள்விக்குச் சிரித்தும் தேர்ச்சி பெற்றுள்ளார். இவற்றுள் இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆகவே எனக்கு எந்தத் தண்டனை வழங்கினாலும் ஏற்றுக்கொள்வேன். அவருடைய தேர்ச்சியை ரத்து செய்து, ஜூன் 2க்கு முன் மறுதேர்வு நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் உயிருடன் இருப்பது எங்களுக்கு அவசியம்.

இணைப்பு: மேம்பால மாதிரித் தேர்வு அட்டவணை, 9 நாட்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மு. செண்பகவல்லி.

டாக்டர் படித்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இணைப்பைப் பார்த்தார். தோள்கள் நின்றுவிட்டன.

"ஏழாவது கம்பம். ஏழாவது கம்பம். எல்லா நாளும் ஏழாவது கம்பந்தானாம்மா?"

"ஒருநாள் மட்டும் ஆறாவது, சார். அன்னைக்கு வேகமா நடக்கச் சொன்னேன்."

அவர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா வந்து, மேசைமேல் என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரயில் பாக்கது ஒரு குத்தமா சார்?"

"அண்ணே, நானும் ஜங்ஷன்லதான் குடியிருக்கேன். நீங்க நின்ன நேரத்துக்கு ரயிலே கிடையாது."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரின் பேனாவை எடுத்து, அட்டவணையில் "ரயில் பார்க்க" என்றிருந்ததை அடித்தார். "செருப்பு" என்பதை அடித்தார். ஒன்பது வரிகளையும் அடித்தார்.

"நெஞ்சுல இல்ல சார். அதனாலதான் நான் சொல்லல. தாடையில ஒரு இறுக்கம். யாரோ பிடிச்சு முறுக்குத மாதிரி. ரெண்டு நிமிசம் நின்னா போயிரும்."

"சிக்னல்ல?"

"அன்னைக்கு அஞ்சு நிமிசம் ஆச்சு" என்றார் அப்பா. அதை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நெஞ்சில் தெரிய வேண்டிய வலி சிலருக்குத் தாடையில் தெரியும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட். அதுவரை நடையும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். உட்கார்ந்திருக்கும்போது வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

பஸ்ஸில் அப்பா முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் பெண்கள் பக்கம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஒம்மவ என்னைய மாட்டி விட்டுட்டா" என்றார்.

"நல்ல காரியம் செஞ்சா" என்றாள் அம்மா. "கிராம்பு எண்ணெய் பாட்டில் அப்படியே இருக்கு. மூடியே திறக்கல. பல்லுவலிக்காரன் எவனாவது எண்ணெயத் தொடாம இருப்பானா? நானும் நீங்களா சொல்லுவீயன்னு பாத்துகிட்டு இருந்தேன்."

அப்பா என்னோடு பேசவில்லை.

மே 31, சனி

பேசவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பேசவில்லை. ஆனால் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து காட்டினார். ஞாயிறு அறையில் வெள்ளை மாத்திரை அப்படியே இருந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் நான் போகாமல் இருந்தது இதுவே முதல் முறை.

டாக்டர் மீரானே நின்று நடத்தினார். ஜெபராணி அக்கா பக்கத்தில். அப்பா விரல் நுனிகளை மட்டும் கைப்பிடியில் வைத்திருந்தார். நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடம் தாண்டியதும் டாக்டர் திரையின் அருகே குனிந்தார். அக்காவும் குனிந்தார். யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை, எல்லோரும் கோடுகளைப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க."

"சார், இன்னும் நாலு நிமிசந்தான் சார், முடிச்சுருதேன்—"

"இறங்குங்க அண்ணே. போதும்."

நான்கு நிமிடம், நாற்பது விநாடி. அப்பாவைப் படுக்க வைத்து மறுபடி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அரை மணி கழித்து அப்பா வெளியே வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"ஃபெயிலு" என்றார். பிறகு, "கணக்குப் பரீட்சையிலகூட ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன்" என்றார்.

மூன்று நாளில் அவர் என் பக்கம் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் ஃபெயில் ஆனதற்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். என்னுடையதும் ஹவாய்தான்.

ஜூன் 4, புதன்

ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்ததில், வேறொரு ரத்தக்குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. டாக்டர் திரையில் காட்டினார். அகலமான வாய்க்கால் ஓரிடத்தில் நூலாகி, மறுபடி வாய்க்காலாகிறது. மார்ச்சில் பார்த்தபோது சிறியதாக இருந்தது, விட்டு வைத்தார்களாம். இன்று இரண்டாவது ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நூலாக இருந்த இடமும் இப்போது வாய்க்கால்தான். நானே பார்த்தேன்.

"இதோட வண்டி ஓட்டியிருந்தா?" என்று கந்தையா மாமா டாக்டரிடம் கேட்டார். டாக்டர் திரையில் அந்த நூல் இடத்தை மறுபடி தொட்டுக் காட்டினார். மாமா வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். போகும்போது என் தலையில் கை வைத்து, "சிரிக்கச் சொன்னது நாந்தான் தாயி" என்றார்.

ஜூன் 7, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"ஏட்டி, இங்க வா. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'ன்னு போட்டிருக்கியே. யாருக்குட்டி நீ கீழ்ப்படிஞ்ச?"

"அது கடிதத்துல அப்படித்தான் போடணும்ப்பா."

"அப்ப பொய்யி."

"வழக்கம்."

விரலால் மேலே ஒரு வரியைத் தொட்டார். "'அவர் உயிருடன் இருப்பது எங்களுக்கு அவசியம்.' இதுவும் வழக்கமா?"

நான் மாத்திரைப் பெட்டியை எடுத்து நாளைய அறையைச் சரிபார்த்தேன்.

"சரி போ" என்றார். "ஒரு தடவையாவது பாஸுன்னு ஒரு தாளு கையில இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

அதன் பிறகு, "புளிக்குழம்பு இருக்கா?" என்று கேட்டார். உப்புக் குறைவான ரசம்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

அப்பாவுக்கு வண்டி இன்னும் கிடையாது. முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் வேலையில் உட்கார வைத்திருக்கிறார். ஒரு நிமிடம் தாமதமாக வரும் டிரைவரிடம்கூட அப்பா காரணம் கேட்கிறார். "ரேடியோல பாட்டுக் கேட்டேன்" என்று அவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். கந்தையா மாமாவின் வேலை.

மறுவாழ்வுப் பயிற்சி மறுபடி முதல் பாடத்திலிருந்து.

ஜூலை 14, திங்கள்

இன்று மூன்றாவது டெஸ்ட். லீவு லெட்டரில் காரணத்தை அப்படியே எழுதினேன். டீச்சர் நம்பவில்லை. பிறகு நம்பினார்.

கதவிலிருந்த கண்ணாடியை உள்ளிருந்து ஒரு காலண்டரால் மறைத்துவிட்டார்கள். அம்மாவும் நானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுடன் டெஸ்டுக்குக் காத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். உள்ளே பட்டை ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். அப்பா டவுன் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் பேசிப் பழகியவர். கதவெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

"சார், கெண்டக்கால் வலிக்கி! நெஞ்சு இல்ல, கால் மட்டும்! எழுதிக்கிடுங்க!"

பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா திரும்பிப் பார்த்தார்.

"தாடை சும்மா இருக்கு சார்! ரெண்டு பக்கமும் சும்மா இருக்கு! தண்ணி தவிக்கி! இடது பக்கம் ஒட்டியிருக்க ஒயரு அரிக்கி!"

"அண்ணே, கேட்டாச் சொன்னாப் போதும்" என்று ஜெபராணி அக்காவின் குரல்.

"பெறவு கேக்கலன்னு சொல்லிரக் கூடாதுல்லா சிஸ்டர்! காலையில இட்லி மூணு! வெள்ளை மாத்திரை போடல! எம்மவ கிட்ட வேணும்னா கேட்டுக்கிடுங்க, வெளியதான் இருக்கா!"

வராந்தா முழுவதும் சிரித்தது. அந்தத் தாத்தா என்னைப் பார்த்து, "நீதானா பிள்ளை அது?" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம், முப்பது விநாடி. நான்கு நாற்பது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரல்களில் புகையிலை வாசனை. நான்கு ஐம்பது. ஐந்து. யாரும் "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை.

ஆறாவது நிமிடத்தில் பட்டையின் சத்தம் மாறியது. மேடு கூடியிருக்கிறது.

"சார்!" என்று அப்பா கத்தினார். இந்த முறை குரலில் மூச்சு வாங்கியது. "கஷ்டமா இருக்கு சார்!"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பதினேழு வருசத்துல" என்றாள், "இந்த மனுசன் வாயிலருந்து இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் கேக்கேன்."

ஏழு நிமிடம். எட்டு. பட்டை ஓடிக்கொண்டே இருந்தது.